திங்கட்கிழமை மாட்டுக்கள்ளன்

நான் வேலை செய்கிற உணவகம் திங்கட்கிழமை பூட்டு. பாரிஸில் குசினியில் சமையல் வேலை செய்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதுதான் கிழமையில் கிடைக்கிற ஒரே ஓய்வு. அந்த நாளில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது படுத்துக் கிடப்பது மட்டும்தான். நான் அதைச் செய்யவில்லை. போன வருடம் புல் முளைக்கத் தொடங்கியதிலிருந்து இலை கொட்டி முடியும்வரை என் திங்கட்கிழமைகளையெல்லாம் மாடு களவெடுப்பதில் தொலைத்தேன்.

படத்துக்காகத்தான். கௌபாய்ப் படம், அதுவும் தமிழில்.

படத்தை எடுத்தவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ரூ காய் என்கிற தெருவில் ஒரு மளிகைக் கடையில் காலையில் வாழைக்காய்ப் பெட்டியும் வெண்டிக்காய்ப் பெட்டியும் இறக்கி அடுக்குவது அவருடைய தொழில். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் எல்லோரும் அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாதி அன்பு, பாதி நக்கல். எந்தப் பாதி எப்போது வருகிறது என்பது கூப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு முன் அவர் மூன்று படம் தொடங்கியவர். ஒன்றின் கதாநாயகன் நடுவிலே சுவிஸில் பெண் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னொன்றில் கதாநாயகியின் தகப்பன் ஒருநாள் படப்பிடிப்பைப் பார்க்க வந்தார், பார்த்தார், மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். மூன்றாவதைப் பற்றி டைரக்டர் வாய் திறப்பதில்லை. நாங்கள் வழக்கமாக நிற்கிற தேநீர்க் கடைக்காரர் சொல்வார், “இவரின்ரை படங்களுக்கு இடைவேளை மட்டும்தான். அதுக்குப் பிறகு எல்லாரும் வீட்டை போகலாம்.” டைரக்டரும் கூடச் சிரிப்பார். சிரித்து முடிந்த பிறகு தேநீரைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே நிற்பார்.

இந்தப் படத்தை முடித்தே தீருவேன் என்று என்னிடம் சொன்னார்.

“ஏன் அண்ணை, கௌபாய்?” என்று கேட்டேன்.

“இஞ்சை எங்கடை ஆக்கள் எடுக்கிறதெல்லாம் அழுகிற படம். அகதி அழுகிறான், தாய் அழுகிறா, கடைசியிலை பாக்கிறவனும் அழுதுகொண்டு போறான். எனக்கு அழ நேரமில்லை தம்பி. மாடு, மாட்டுக்கள்ளன், பொலிஸ். மூண்டும் காணும்.” பிறகு அவரே சொன்னார்: “எங்களுக்குப் பொலிஸ் எண்டால் பேப்பர் கேக்கிறவன். அந்தப் படங்களிலை பொலிஸ் எண்டால் களவுபோன மாட்டைத் திருப்பிக் கொண்டந்து குடுக்கிறவன். அப்பிடி ஒருத்தனை நான் ஒருக்கா எடுத்துப் பாக்கோணும்.”

யாராவது இப்படி ஒரு கதை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எனக்கு ‘ஏலாது’ என்ற சொல் வாயில் வராது. அது என் வியாதி. ஒத்துக்கொண்டேன். கள்ளனாக ஏன் என்னைப் பிடித்தார் என்று மட்டும் கேட்டேன்.

“உனக்குத் திங்கட்கிழமை லீவு. கள்ளனுக்கு வேறை என்ன தகுதி வேணும்?”

பொலிஸான ஷெரீப் வேடத்துக்கு, பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிற எங்கள் சிநேகிதன் அகப்பட்டான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. தோள் நல்ல அகலம், வயிறு அதைவிட. தகரத்தில் வெட்டிய நட்சத்திரத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தால் பார்க்க ஓரளவு ஷெரீப் மாதிரி இருப்பான். ஆனால் அவனால் அதை அதிக நேரம் இழுத்து வைத்திருக்க முடியாது என்பதால் அவன் வருகிற காட்சி எல்லாம் குறுகிய காட்சிதான். பண்ணையையும் அவன்தான் பிடித்துத் தந்தான். விமான நிலையத்துக்குக் கிட்ட, தைப்பொங்கலுக்குப் பச்சைப்பால் வாங்கப் போய்ப் பழக்கமான இடம். கறுப்பும் வெள்ளையுமாகப் பால் மாடுகள், ஒரு நாய், ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். எங்கள் கதையைக் கேட்டு முடித்துவிட்டுக் கிழவர் இரண்டே கேள்வி கேட்டார். படத்தில் மாடு சாகுமா? சாகாது என்றோம். மனிதர்? ஒருவர் மட்டும் என்றோம். அது பரவாயில்லை என்றார்.

அந்த ஒருவர் நான். கடைசியில் ஷெரீப் என்னைச் சுட வேண்டும், நான் புல்லில் விழுந்து சாக வேண்டும், மாடுகள் வீடு திரும்ப வேண்டும். கதை அவ்வளவுதான்.

கமரா பிடித்தது டைரக்டரின் மகள். இங்கே பிறந்த பிள்ளை, படம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறாள். தகப்பன் தமிழில் கத்துவார், மகள் பிரெஞ்சில் திருப்பிக் கத்துவாள், ஒருவர் சொன்னதை மற்றவர் ஒரு சொல் விடாமல் விளங்கிக்கொள்வார். என்னைவிட ஷெரீபுக்குத்தான் அதில் குழப்பம். “தேப்பனுக்கும் மகளுக்கும் நடுவிலை நிக்கேக்கை எனக்கு ரேடியோவிலை ரெண்டு ஸ்டேசன் கேக்குது” என்பான்.

மரத்தில் செதுக்கிக் கறுப்பு மை பூசிய துப்பாக்கிகள். ஆனால் இந்தக் காலத்தில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கார் து நோர் ஸ்டேஷனுக்குள் நடக்கிற துணிச்சல் எந்தக் கௌபாய்க்கும் இல்லை. சந்தைக்குக் கொண்டுபோகிற சில்லு வைத்த பையின் அடியில் துப்பாக்கிகளைப் போட்டு, மேலே லீக்ஸும் கறிவேப்பிலையும் பரப்பி, நான்தான் இழுத்துக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சமைத்துக் கொடுத்த கைகள். எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் வெண்ணெயும் பூண்டும் மணக்கும். RER ரயிலில் கம்பியைப் பிடித்தபடியே நின்று நித்திரை கொள்வேன். ஒருமுறை எதிரே இருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி எழுந்து எனக்கு இடம் தந்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இருந்தேன்.

குதிரைக்கு வழியில்லை. ஷெரீபை வேலிக் கட்டையில் இருத்தி, நானும் டைரக்டரும் இரண்டு பக்கமும் நின்று கட்டையை ஆட்டுவோம். இடுப்புக்கு மேலே மட்டும் படம் பிடிப்பாள். சரியாக அவன் வசனம் தொடங்குகிற நேரம் தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கும். டைரக்டர் “கட்” என்று கத்துவார். ஷெரீப் கையைப் புருவத்துக்கு மேலே வைத்து அண்ணாந்து பார்ப்பான்.

“உது மத்தியானம் வாற டுபாய்காரன். இண்டைக்கு முந்தீட்டான்.”

“மச்சான், நீ நிக்கிறது அந்தக் காலத்து அமெரிக்காவிலை. பிளேன் இன்னும் கண்டுபிடிக்கேல்லை. பாக்காதை!” என்பார் டைரக்டர்.

“பாக்காமல் எப்பிடி? அதின்ரை பெட்டியை இறக்கிறது நானெல்லோ.”

மாடுகளோடு பட்ட பாடு வேறு. களவெடுக்க என்று போனால் அவை அசையாது. நான் கத்திப் பார்த்தேன், கையைத் தட்டிப் பார்த்தேன், ஊரில் மாடு சாய்க்கிற சத்தமெல்லாம் போட்டுப் பார்த்தேன். நின்று அசைபோட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரி என்னைப் பார்த்தன. கடைசியில் கிழவர் தூரத்தில் நின்று தீவன வாளியைக் கிலுக்கினால்தான் எல்லாம் திரும்பி ஓடும். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் நான் ஓட வேண்டும், நான்தான் துரத்துகிறேன் என்பது போல. அதற்குள் மாடுகள் வாளிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். “கள்ளனைவிட மாடு கெட்டிக்காரன்” என்று டைரக்டர் தலையில் கை வைப்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழங்காலைக் காட்டுவேன். அவள் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவள். அவளுக்கும் முழங்கால் இருக்கிறது. இரண்டு பேருமாக ஒரே தைலக் குப்பியை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டு இருப்போம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, இலை மஞ்சளாகத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, கிழவர் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். உடம்பு இனி ஏலாது. மாடுகளை விற்றுவிட்டேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை லொறி வரும்.

நாங்கள் எல்லோரும் மாடுகளைப் பார்த்தோம். டைரக்டர் மட்டும் மகளைப் பார்த்தார். என்னென்ன மிச்சம் என்று கேட்டார். மிச்சம் பெரும்பாலும் ஒன்றுதான், கடைசிக் காட்சி. என் சாவு. மாடு இல்லாமல் அதை எடுக்க முடியாது. மாடுகளைச் சுற்றித்தான் அந்தச் சண்டையே. லொறி வருகிற நாள்வரை மழையும் என் வேலையும் எப்படிப் போகுமோ தெரியாது. எப்படியும் அந்தக் கடைசித் திங்கட்கிழமை எங்கள் கையில் இருந்தது.

அந்த இடைவெளியில்தான் டைரக்டர் போஸ்டர் அடிக்கப் போனார். ஷெரீப் மரத்தில் ஒட்டுகிற ‘தேடப்படுகிறார்’ அறிவித்தல் ஒன்று படத்துக்குத் தேவை. அடிக்கிறதோடு கூடக் கொஞ்சம் அடித்து லாச்சப்பல் சுவர்களில் ஒட்டினால் விளம்பரமும் ஆகும் என்பது அவருடைய கணக்கு. லாச்சப்பலில் அச்சடிக்கிறவருக்குச் சோறு போடுவது கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும்தான். அவருடைய கம்ப்யூட்டரில் மரண அறிவித்தலுக்கு ஒரு சட்டம் எப்போதும் தயாராக இருக்கும். சுற்றிவரக் கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் முகம், கீழே பிறந்த ஊர், இருந்த ஊர், தொடர்புக்கு ஒரு தொலைபேசி இலக்கம். டைரக்டர் தனக்கு என்ன வேண்டும் என்று விளங்கப்படுத்த, மனிதர் யோசிக்காமல் அந்தச் சட்டத்துக்குள்ளேயே என் முகத்தை இறக்கிவிட்டார். கறுப்பு வெள்ளையில், தொப்பியோடு. மேலே ‘தேடப்படுகிறார்’ என்று கொட்டை எழுத்து, கீழே தொடர்புக்கு டைரக்டரின் இலக்கம். “விளக்கை எடுக்கவோ?” என்று கேட்டாராம். “கிடக்கட்டும், வடிவாக் கிடக்கு” என்றாராம் டைரக்டர். அவருக்கு அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய சட்டம்.

எங்கள் ஆட்கள் அந்தச் சட்டத்தைச் சுவரில் கண்டால் எழுத்தை வாசிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார்கள், ‘ஐயோ, இவரோ!’ என்பார்கள், போனை எடுத்து முகத்தை மட்டும் கிட்டப் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள். வியாழன் பின்னேரம் ஒட்டினார். வெள்ளி காலை நான் செத்துப்போனேன்.

ஸ்தேனில் எங்கள் வீட்டில் நான் நித்திரை. மனைவி வேலை முடித்து வந்து உடுப்பு மாற்றக்கூட இல்லை, கனடாவிலிருந்து அவளுடைய தங்கச்சி போனில் குழறிக்கொண்டு. என்ன ஏது என்று விளங்காமல் அறைக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். அதைத் தங்கச்சிக்குச் சொல்லி முடிப்பதற்குள் கதவு மணி அடித்தது. மேல்மாடி ஆட்கள், பக்கத்துக் கட்டட ஆட்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று ஒரு பெரிய சுடுதண்ணிப் போத்தலில் தேநீரும் பாணும் கொண்டு வந்திருந்தார்கள்.

சத்தம் கேட்டு நான் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

“அண்ணை… இருக்கிறியளோ?”

“ஓம், இருக்கிறன். நீங்களும் இருங்கோ.”

அழுதுகொண்டு வந்தவர்கள் அந்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு தம்பி மட்டும் வாய்விட்டே கேட்டான்: “நான் பத்ரோனிட்டைச் செத்தவீடு எண்டு லீவு எடுத்திட்டன் அண்ணை. இப்ப போய் என்ன சொல்லுறது?” வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று எல்லோருமாக இருந்து கொண்டுவந்த தேநீரைக் குடித்தோம். என் செத்தவீட்டுத் தேநீரை நானே குடித்தேன். நல்ல சாயம்.

டைரக்டருக்குப் போன் எடுத்துப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் குரல் என் குரலைவிட நொந்து போயிருந்தது. “விடியப் போன் அடிக்கத் தொடங்கினது தம்பி. எல்லாரும் எப்ப எடுக்கினம், எப்ப எடுக்கினம் எண்டு கேக்கினம். நான் படத்தைக் கேக்கினமாக்கும் எண்டு திங்கட்கிழமை எண்டு சொல்லிப்போட்டன்.” அவர்கள் கேட்டது பிரேதம் எடுக்கிற நாளை. எனக்குக் கோபத்துக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி சிரிக்கவில்லை.

ஆட்கள் போன பிறகு அவள் பாண் துண்டுகளைத் துணியால் மூடினாள், திறந்தாள், திரும்ப மூடினாள். அவளுடைய அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் அதைக் கதைப்பதில்லை. சண்டைக் காலத்தில் அவர் செத்துவிட்டார் என்று ஒரு செய்தி வந்தது. வீட்டில் எல்லாம் செய்தார்கள். பிறகு ஒருநாள் ஆள் நடந்து வந்தார், மெலிந்துபோய், ஆனால் உயிரோடு. தெருவே சிரித்தது. ஆயுள் கெட்டி என்றார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அதே செய்தி திரும்ப வந்தது. இந்த முறை பொய்யாக இல்லை.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “நான் உங்களை ஒண்டும் கேக்கிறேல்லை. படத்துக்குப் போங்கோ எண்டுதான் இவ்வளவு நாளும் விட்டனான். ஆனா சாகப்படாது.”

“அது படத்திலையெல்லோ” என்றேன்.

“போஸ்டரும் படத்துக்குத்தான் அடிச்சது.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து எனக்கு விபூதி பூசிவிட்டாள். நெற்றியில் வைத்த விரலை உடனே எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் லாச்சப்பலுக்கு ஓடிப் போய்த் தேநீர்க் கடையில் டைரக்டரிடம் சொன்னேன். நான் சாக மாட்டேன். அவர் நின்றபடியே கண்ணை மூடினார். பக்கத்தில் மகள் நின்றாள். ஷெரீப் போனில், சத்தமாகப் போட்டிருந்தோம்.

“அப்ப ஷெரீப் சாகட்டும்” என்றார் டைரக்டர்.

“எனக்கு மூண்டு பெட்டையள்” என்றது போன். “என்ரை மனுசிட்டை இதை நீங்களே வந்து சொல்லுங்கோ. வரேக்கை ஹெல்மெற் போட்டுக்கொண்டு வாங்கோ.”

“நீங்களே சாகலாமே அண்ணை” என்றேன்.

“நான் செத்தால் படத்தை ஆர் முடிக்கிறது?”

மகள் பிரெஞ்சில், கள்ளனைச் சிறையில் போட்டால் என்ன என்று கேட்டாள். “சிறையை எங்கை கட்டுறது பிள்ளை? எங்களிட்டை வேலி மட்டும்தான் கிடக்கு.”

யாரும் சாகத் தயாரில்லாத ஒரு கௌபாய்ப் படம். தேநீர்க் கடைக்காரர் மேசையைத் துடைக்கிற சாட்டில் கேட்டுக்கொண்டு நின்றார், வழமையான பகிடி ஒன்றும் விடவில்லை. போகிற நேரம் டைரக்டர் என் கோட்டுக் கையைப் பிடித்தார். “தம்பி, உன்ரை மனுசியை நான் பிழை சொல்லேல்லை. ஆனா மாடு போயிட்டுது எண்டால் போயிட்டுது. இதுவும் பாதியிலை நிண்டால் நான் இனி ஒண்டும் தொடங்கமாட்டன். அவ்வளவுதான்.” கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். காலையில் இறக்கிய பெட்டிகளின் பாரம் அப்படியே குரலில் இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வெங்காயம் வெட்டப் போனேன்.

அடுத்த கிழமை மழை. அதற்கடுத்த திங்கட்கிழமை என் முதலாளி, பத்ரோன், ஒரு தனி விருந்துக்கென்று உணவகத்தைத் திறந்தார், எனக்கு லீவு தரவில்லை. கடைசித் திங்கட்கிழமை வந்தது.

அதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் உணவகத்தில் ஒரு பெரிய குடும்பத்தின் விருந்து, இரவு இன்னொரு கூட்டம். மற்றச் சமையல்காரன் காய்ச்சல் என்று வரவில்லை. இரண்டு ஆளின் வேலையை ஒரு முதுகால் செய்தேன். காலையில் சப்பாத்துக்குள் கால் போக மாட்டேன் என்றது. மனைவி அன்று தன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டி எடுத்துக்கொண்டு, “நானும் வாறன்” என்றாள்.

வயலில் மூடுபனி. கிழவர் எங்களைக் கண்டு தலையசைத்தார். டைரக்டர் என்னை ஓடச் சொன்னார், ஓடினேன். ஷெரீப் துரத்தினான். இரண்டு பேரும் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றோம். திரும்ப ஓடச் சொன்னார். ஷெரீப் துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். சத்தம் பிறகு போடுவதாகத் திட்டம். சுட்டதோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நான் விழ மாட்டேன். விழாமல் எப்படி முடிப்பது என்று டைரக்டருக்கும் தெரியாது, ஆனாலும் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு கமராவுக்குப் பற்றரி மாற்ற வேண்டும் என்று மகள் சொன்னாள். மனைவி சாப்பாட்டை எடுக்க ஷெரீபின் காருக்குப் போனாள். நான் மாடுகள் தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் புல்லில் கொஞ்சம் சாய்ந்தேன். முதுகு நிலத்தைத் தொட்டது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் அந்தக் கமராவில்தான் பார்த்தேன். படமும் இருக்கிறது, குரல்களும் இருக்கின்றன.

நான் ஒரு கை உடம்புக்கு அடியில் அகப்பட, வாய் கொஞ்சம் திறந்தபடி கிடக்கிறேன். தொப்பி உருண்டு போய்க் கிடக்கிறது. பனிக்குள்ளிருந்து ஒரு மாடு வருகிறது. பிறகு இன்னொன்று. அவ்வளவு காலமும் கூப்பிட்டு வராத மாடுகள் தாமாகவே வந்து என்னைச் சுற்றி நிற்கின்றன. ஒன்று குனிந்து என் சட்டைக் கையை நக்குகிறது. வெண்ணெய் மணமாக இருக்கலாம்.

டைரக்டரின் குரல், மிக மெதுவாக: “எடு, எடு. கதையாதை.”

மகள் பிரெஞ்சில், அவர் தூங்குகிறார் என்கிறாள்.

“கமராவுக்குத் தெரியாது.”

அதற்குள் புல்லில் காலடிச் சத்தம் வந்து நிற்கிறது. அது மனைவி என்பது சாப்பாட்டுப் பெட்டி கிலுங்கியதில் தெரிகிறது. பிறகு அவள் குரல், எனக்குத் தெரிந்த குரலே இல்லை: “மூச்சு வருதோ?”

“வருது அன்ரி” என்கிறாள் மகள். தமிழில்.

மனைவியின் கோட்டு ஓரம் படத்தின் விளிம்புக்குள் வருகிறது, நிற்கிறது, பின்னுக்குப் போகிறது. “நித்திரைதானே,” என்கிறாள். “நித்திரையை எடுக்கிறதெண்டால் எடுங்கோ. நான் மறிக்கேல்லை.”

டைரக்டர் விட்ட பெருமூச்சு அப்படியே பதிவாகியிருக்கிறது.

“ஆனா எழும்புறதையும் எடுக்கோணும். எடுத்ததைப் படத்திலை போடோணும். வெட்டப்படாது.”

“தங்கச்சி, செத்த கள்ளன் எழும்பினால் சனம் சிரிக்குமெல்லோ.”

“சிரிக்கட்டும்.”

“பிறகு ஷெரீப் சுட்டது என்னத்துக்கு?”

“அது எனக்குத் தெரியாது. நீங்கள்தானே டைரக்டர்.”

“போடுவம் அன்ரி” என்கிறாள் மகள்.

அவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் என்னை எழுப்பவில்லை. சாப்பாடு ஆறியது, லொறி வந்தது, ஷெரீப் காருக்குள் போய்க் குந்தினான், நான் நித்திரை கொண்டேன். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே திங்கட்கிழமை நித்திரை. கிழவர் வாளியைக் கிலுக்கியதும் மாடுகள் ஒவ்வொன்றாக என்னைவிட்டு விலகிப் போயின. அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். படத்தில் நான் எழுந்து உட்காருகிறேன், தலைமுடியில் புல். எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் சுற்றிப் பார்க்கிறேன், தொப்பியைத் தேடுகிறேன். முழங்காலில் கை ஊன்றி, ஒரு தரம் முடியாமல் போய், இரண்டாம் தரம் எழும்புகிறேன். தூரத்தில் மாடுகள் லொறிப் பலகையில் ஏறுகின்றன. நான் அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்துபோய் நிற்கிறேன். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. கமரா ஓடுவதே எனக்குத் தெரியாது.

டைரக்டர் அதை வெட்டத்தான் பார்த்தார். மாடு கையை நக்குகிற இடத்தோடு முடித்தால் நல்ல படம் என்று மகளோடு நாள்கணக்காகச் சண்டை. அன்ரிக்குச் சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவள் நின்றாள். “படம் உன்ரையோ என்ரையோ?” என்று கேட்டாராம். இரண்டு பேரும் கதைக்காமல் ஒரு கிழமை ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் காலை பெட்டி இறக்குகிற நேரம் என்னைப் போனில் கூப்பிட்டார். “போட்டாச்சு. உன்ரை மனுசிக்குச் சொல்லு.”

ஸ்தேனில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் படம் போட்டார். கதிரைகள், ஒரு வெள்ளைத் திரை, வாசலில் ரோல்ஸும் தேநீரும். வந்தவர்களில் பாதிப் பேர் நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வந்தவர்கள். மனைவி முன்வரிசையில் இருந்தாள். நான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் கோட்டைக் கழற்றாமலே பக்கத்தில் இருந்தேன். வேலிக்கட்டைக் குதிரைக்குச் சிரித்தார்கள், ஷெரீபின் வயிற்றுக்குச் சிரித்தார்கள். விமானச் சத்தம் ஒன்று வெட்டாமல் தப்பியிருந்தது, அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவன் சுட்டான். நான் புல்லில் கிடந்தேன். மாடுகள் வந்து சூழ்ந்தன.

மண்டபம் அடங்கிப்போனது. பின்னால் யாரோ ஒரு வயதான மனுசி “போயிட்டான் பாவி” என்றார். மனைவியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் பக்கத்தில் உயிரோடு இருக்கிறேன், ஆனாலும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாடு நக்கியது, விலகியது, மற்றதும் விலகியது. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கினாள். திரையில் நான் அசைந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் டைரக்டரும் எதிர்பார்க்கவில்லை. முதல் தரம் எழும்ப முடியாமல் போனபோது பின்னால் ஒருவர் “மெல்ல, மெல்ல” என்றார், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வது போல. எழும்பினேன். மாடுகளுக்குப் பின்னால் போனேன். மனைவி கையை விட்டாள், கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

திரை கறுத்து, நடுவில் ‘முற்றும்’ என்று வந்தது.

சனம் கை தட்டியது, கதிரைகளை இழுத்தது, ரோல்ஸ் பக்கம் போனது. அந்தச் சொல் போகவில்லை. மகள் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நின்று தகப்பனைப் பார்த்தாள். மண்டபக்காரர் வந்து அணைக்கச் சொன்னார், அடுத்த ஆட்கள் வெளியே நிற்கிறார்கள் என்றார். டைரக்டர் கடைசி வரிசையில், இரண்டு கையையும் முன்கதிரையில் ஊன்றியபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார். “கொஞ்சம் நிக்கட்டும்.”

நின்றது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.